பெர்த் போகும் தம்பதிகளே, ஓர் இரவைச் செர்வான்டிஸுக்குக் கொடுங்கள்

சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்திலிருந்து ஐந்து மணி நேரம் பறந்து மேற்கு ஆஸ்திரேலியாவின் பெர்த் போய், அங்கேயும் கடைத்தொகுதி, ஆற்றங்கரை, பூங்கா என்றே நான்கு நாளையும் கழித்துவிட்டுத் திரும்புபவர்கள் நிறையப் பேர். கிங்ஸ் பார்க் அழகுதான், ஃப்ரீமேன்டில் சந்தையும் சரிதான். ஆனால் கரையோரப் பூந்தோட்டங்களும் ஆர்ச்சர்ட் ரோடும் எம்ஆர்டி ரயில் தூரத்தில் இருப்பவர்களுக்கு அவை அரை நாள் சமாசாரம். சிங்கப்பூரில் எத்தனை வெள்ளி கொடுத்தாலும் கிடைக்காத காட்சி பெர்த்துக்கு வடக்கே 200 கிலோமீட்டரில் இருக்கிறது: நம்பங் தேசியப் பூங்காவின் பின்னக்கிள்ஸ்.

மஞ்சள் மணல்வெளியில் ஆயிரக்கணக்கான சுண்ணாம்புக்கல் தூண்கள். சில முழங்கால் உயரம், சில மூன்று மீட்டருக்கும் மேல். நொறுங்கிய கடற்சிப்பியின் சுண்ணாம்பு இறுகிக் கல்லாகி, சுற்றியிருந்த மணலைக் காற்று வாரிக்கொண்டு போனபின் மிஞ்சியவை. கறாராகப் பார்த்தால் இது பாலைவனமே இல்லை; குளிர்காலத்தில் மழை உண்டு, சுற்றிலும் புதர்க்காடு. சங்கப் பாடல்களின் பாலைத் திணை என்றதும் நமக்குப் பிரிவுதான் நினைவுக்கு வரும். காதலர் இருவரும் சேர்ந்து ஊரைவிட்டுப் போகும் உடன்போக்கும் அதே திணைதான் என்பதைத் தம்பதிகள் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

ஒரே நாளில் போய்த் திரும்பும் பேருந்துச் சுற்றுலா வேண்டாம். நடுப்பகலை ஒட்டிக் கொண்டுபோய் இறக்கிவிட்டால் காசு வீண். சூரியன் உச்சியில் நிற்கையில் தூண்களின் நிழல் குறுகிவிடும். கல்லும் மணலும் ஒரே வெளிர்மஞ்சளாகத் தட்டையாகத் தெரியும். அந்த இடத்தின் அழகெல்லாம் காலையிலும் மாலையிலும் நீளும் நிழலில்தான். அதனால்தான் 17 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் செர்வான்டிஸ் என்ற சிற்றூரில் தங்கச் சொல்வது.

வாடகைக் கார் எடுப்பது எளிது. இங்கே போலவே இடப்பக்கம் ஓட்டுகிறார்கள், நேர வித்தியாசம் இல்லை, இஆர்பி போன்ற சாலைக் கட்டணமும் கிடையாது. கவனிக்க வேண்டியது ஒப்பந்தத்தின் சிறிய எழுத்து. நகர எல்லைக்கு வெளியே அந்தி சாய்ந்தபின் ஓட்டக்கூடாது என்று அங்குள்ள பல நிறுவனங்கள் நிபந்தனை போடுகின்றன. காரணம் கங்காரு: இருட்டும் நேரத்தில்தான் அவை சாலையோரத்தில் மேய வரும், விளக்கு வெளிச்சத்தைக் கண்டு குறுக்கே பாயும். அந்த நேரத்தில் மோதினால் காப்புறுதி கைகொடுக்காமல் போகலாம். கையெழுத்துப் போடுமுன் இதைக் கேளுங்கள்; தார் போடாத சாலையில் ஓட்ட அனுமதி உண்டா என்றும் சேர்த்துக் கேளுங்கள். தூண்களுக்கு நடுவே போகும் 4 கிலோமீட்டர் ஒருவழிப் பாதை சரளைமண். சாதாரண கார் தாராளமாகப் போகும், ஒப்பந்தம் இடம் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

இதற்கு ஏற்ற கணக்கு: சூரியன் மறைவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பு உள்ளே நுழைந்து ஒரு சுற்று ஓட்டி, காரை நிறுத்திக் கொஞ்சம் நடந்துவிட்டு, வெளிச்சம் இருக்கும்போதே ஊர் திரும்புங்கள். மறுநாள் நன்றாக விடிந்ததும் மறுபடி வாருங்கள். அப்போதும் வெயில் சாய்வாகத்தான் விழும், கூட்டமும் வந்திருக்காது. நட்சத்திரங்களைச் செர்வான்டிஸ் கடற்கரைக்கு நடந்தே போய்ப் பார்க்கலாம். வீட்டு நாள்காட்டியில் அமாவாசை என்றைக்கு என்று பார்த்துவிட்டு விமானச் சீட்டு எடுங்கள். பௌர்ணமியன்று போய்விட்டு வானத்தில் ஒன்றுமே தெரியவில்லை என்றால் அது ஊரின் குற்றமல்ல.

போகும் வழியில் லான்சலின் என்ற ஊரின் வெள்ளை மணல்மேடுகள். சறுக்குப் பலகை வாடகைக்குக் கிடைக்கும். ஒவ்வொரு முறையும் அடிப்பக்கத்தில் மெழுகு தேய்க்காவிட்டால் பலகை பாதியில் நின்றுவிடும். மணல் ஈரமாக இருந்தாலும் அதே கதைதான். உட்கார்ந்து, உடம்பைப் பின்னால் சாய்த்துச் சறுக்குங்கள். கோடையில் பிற்பகலானால் கடல்காற்று கிளம்பி மணலை முகத்தில் அறையும். ஆகவே லான்சலினை முற்பகலிலேயே முடித்துவிடுங்கள். கேமராவின் லென்ஸை அங்கே கழற்றவே வேண்டாம்.

காலம் என்று பார்த்தால் செப்டம்பர், அக்டோபர். வெயில் இதம், காட்டுப்பூக்களும் பூத்திருக்கும். டிசம்பர் பள்ளி விடுமுறையில் வெயில் சுடும். ஜூனில் இரவுக் குளிருக்குக் கனமான மேலங்கி தேவை. இந்தப் பயணத்துக்கு ஐந்துக்கு நாலரை மதிப்பெண் கொடுக்கலாம். அரை மதிப்பெண்ணை ஈக்கள் தின்றுவிடுகின்றன. தலைக்கு மாட்டும் வலையைப் பெர்த்திலேயே வாங்கிவிடுங்கள்.

சைவம் சாப்பிடுபவர்களுக்குச் செர்வான்டிஸில் அதிகம் தேறாது, அது சிங்கிறால் பிடிக்கும் ஊர். சமையலறையுள்ள அறையாகப் பார்த்து எடுத்து, அரிசி, காய்கறி, குடிநீர் எல்லாவற்றையும் பெர்த் பேரங்காடியிலேயே வாங்கி ஏற்றிக்கொள்ளுங்கள். சிங்கப்பூரிலிருந்து பச்சைக் கறிவேப்பிலையோ பழமோ கொண்டுபோக வேண்டாம். மற்றபடி எந்தத் தின்பண்டமானாலும் வருகை அட்டையில் குறிப்பிட்டுவிடுங்கள். மறைத்து மாட்டினால் அபராதம்.