ஜாம்ஷெட்பூர் எக்ஸ்.எல்.ஆர்.ஐ.: அறத்தோடு வணிகம் படிக்க விரும்புவோருக்கு

'அறம்', 'உலகப் பார்வை' என்ற சொற்கள் இடம்பெறாத மேலாண்மைக் கல்விக் கையேட்டைக் காண்பதே அரிது. ஜார்க்கண்டின் ஜாம்ஷெட்பூரிலுள்ள எக்ஸ்.எல்.ஆர்.ஐ. என்னும் மேலாண்மைக் கல்வி நிறுவனத்தை நான் தனித்து மதிப்பதற்குக் காரணம், அங்கே அறம் பிற்பாடு ஒட்டவைத்த பாடமன்று என்பதே. 1949இல் இயேசு சபைத் துறவி குவின் என்ரைட் தொடங்கியபோதே தொழிலாளர் உறவு என்பது அதன் பெயரில் (சேவியர் லேபர் ரிலேஷன்ஸ் இன்ஸ்டிடியூட்) இருந்தது. எஃகு ஆலைகளைச் சுற்றி வளர்ந்த அந்நகரில் நிர்வாகிகளுக்கும் தொழிற்சங்கத்தினருக்கும் பயிற்சியளிப்பது அதன் தொடக்ககாலப் பணிகளுள் ஒன்று. அதன் மனிதவள மேலாண்மைப் படிப்பு இன்றும் நாட்டின் முன்வரிசையில் நிற்பதற்கான வேர் அங்கேதான் இருக்கிறது.

இந்த அக்கறை நுழைவுத்தேர்விலேயே தெரிந்துவிடுகிறது. ஐ.ஐ.எம்.களில் சேர எழுதும் கேட் (CAT) தேர்வில் இல்லாத 'முடிவெடுத்தல்' என்னும் தனிப்பகுதி இவர்கள் நடத்தும் ஸாட் (XAT) நுழைவுத்தேர்வில் உண்டு. நல்ல பணியாளர் ஒருவர் விதியை மீறினால் மேலாளர் என்ன செய்ய வேண்டும், லாபமும் வாடிக்கையாளர் நலனும் மோதும்போது எதை முன்வைக்க வேண்டும் என்பன போன்ற சூழல்களைக் கொடுத்து, சம்பந்தப்பட்ட எல்லோருக்கும் நியாயமான தீர்வைத் தேடச் சொல்கிறார்கள். பயிற்சி மையங்கள் இதற்கும் உத்திகளைச் சொல்லித்தரத்தான் செய்கின்றன. ஆயினும், கணக்கையும் ஆங்கிலத்தையும் போலவே நிதானத்தையும் அளக்க வேண்டும் என்று ஒரு நிறுவனம் கருதுவது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

உள்ளே நுழைந்த பின் வணிக அறம் கட்டாயப் பாடம். 1991இல் ஜே.ஆர்.டி. டாடாவின் பெயரில் நிறுவப்பட்ட வணிக அறத்துக்கான அமைப்பு, தொழில்துறைத் தலைவர்களை அழைத்து இப்பொருளில் சொற்பொழிவுகளை நடத்திவருகிறது. மாணவர்கள் சுற்றுப்புறக் கிராமங்களில் சில நாட்கள் தங்கி வருவதும் படிப்பின் பகுதி. அந்தச் சில நாட்கள் போதா என்பது என் கருத்து. ஜார்க்கண்டின் கிராமங்களுக்கு ஒரு முழுப் பருவத்தையே ஒதுக்கினாலும் தகும்.

உலகத் தரத்தைப் பொறுத்தவரை, மேலாண்மைக் கல்வி நிறுவனங்களுக்கு வழங்கப்படும் ஏ.ஏ.சி.எஸ்.பி. (AACSB), ஆம்பா (AMBA) ஆகிய இரு பன்னாட்டு அங்கீகாரங்களும் உள்ளன. வெளிநாட்டு நிறுவனங்களுடன் மாணவர் பரிமாற்றமும் உண்டு. 2020இல் ஹரியானாவின் ஜஜ்ஜரில் இரண்டாவது வளாகம் தொடங்கப்பட்டது. இரண்டிலும் இடம் கிடைத்தால் நான் ஜாம்ஷெட்பூரையே பரிந்துரைப்பேன். தொழிலாளர் உறவைப் படிப்பவர், ஆலைச் சங்கு ஒலிக்கும் ஊரில் இருந்து படிப்பதே பொருத்தம்.

என் பெருங்குறை கட்டணம் பற்றியது. இரண்டாண்டுப் படிப்பின் கட்டணம் 25 லட்சம் ரூபாயைத் தாண்டிவிட்டது. இவ்வளவு கடனோடு வெளியேறும் இளைஞர், பொதுநலம் சார்ந்த, சம்பளம் குறைந்த வேலையை மனம் விரும்பினாலும் எடுப்பது கடினம். அறம் போதிக்கும் நிறுவனம், உதவித்தொகையையும் அந்த அளவுக்கு விரிவாக்க வேண்டும். சேர எண்ணுவோர் கடன் தவணையைக் கணக்கிட்ட பிறகே முடிவெடுப்பது நல்லது.

இங்கே தரப்படுவது பட்டமன்று, முதுநிலைப் பட்டயம். பின்னர் முனைவர் பட்டத்துக்குச் செல்ல நினைப்பவர்கள் தாங்கள் சேரவிருக்கும் பல்கலைக்கழகத்தின் விதிகளை முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும். சென்னையை விட்டு வெளியேற இயலாதவர்கள், லயோலா கல்லூரி வளாகத்திலேயே இயேசு சபையினர் 1979 முதல் நடத்திவரும் லிபா (LIBA) என்னும் மேலாண்மைக் கல்வி நிறுவனத்துக்கும் இதே ஸாட் மதிப்பெண்ணைக் கொண்டு விண்ணப்பிக்கலாம்.