எம்ஜிபி என்ஜினை ரீபில்டுக்குக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

இங்கிலாந்தில் ஒரு பட்டறை, 'முழு ரீபில்ட்' (பிரித்து, தேய்ந்ததைச் சரிசெய்து மறுபடி கட்டுவது) என்று பில் போட்டு முழுத் தொகையும் வாங்கிக்கொண்டு திருப்பித் தந்த எம்ஜிபி என்ஜின் இது; எம்ஜிபி என்பது பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். 1798 சிசி, கிராங்க் ஷாஃப்டை (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) ஐந்து மெயின் பேரிங்குகள் தாங்கும் பிளாக். புதுப் பெயிண்ட், புது கேஸ்கட், பார்க்க அம்சமாக இருந்தது. சூடேறியதும் ஐட்லிங்கில் ஆயில் பிரஷர் 10 பிஎஸ்ஐ-க்குக் கீழே விழுந்தது; ரோட்டில் ஓட்டும்போதும் 50-ஐத் தொடவில்லை. கேட்டதற்கு, "ரன்னிங்-இன் முடிஞ்சா சரியாயிடும்" என்றார்கள்; அதாவது, புது என்ஜினை மெதுவாக ஓட்டிப் பழக்கும் காலம் முடிந்தால். சுத்தப் பொய். பேரிங் இடைவெளி ஓட ஓடக் கூடுமே தவிர, ஒருநாளும் குறையாது.

சம்ப்பை (அடியிலுள்ள ஆயில் தொட்டி) கழற்றியதும் குட்டு வெளிப்பட்டது. பில்லில் கிராங்க் கிரைண்டிங் (தேய்ந்த கிராங்கைச் சாணை பிடித்து வட்டமாக்குவது) கூலி இருக்கிறது. பேரிங் ஷெல்களின் (கிராங்கைச் சுற்றி அமரும் அரைவட்டத் தகடுகள்) முதுகிலோ ஸ்டாண்டர்ட் முத்திரை. கிரைண்ட் செய்த கிராங்குக்கு 0.010 அங்குலம், 0.020 அங்குலம் என்று உள்விட்டம் குறைந்த அண்டர்சைஸ் ஷெல்தான் பொருந்தும். மைக்ரோமீட்டரை இரு திசையிலும் வைத்துப் பார்த்தால் ஜர்னல்கள் (கிராங்கில் பேரிங் அமரும் பகுதிகள்) வட்டமாகவே இல்லை. தேய்ந்த கிராங்கில் புது ஷெல்லைப் போட்டு மூடியிருக்கிறார்கள். அந்த இடைவெளியில் ஆயில் வழிந்து போனால் பிரஷர் எங்கிருந்து வரும்?

அடுத்தது வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட். கேம் புதுசு, அதன்மேல் பழைய டாப்பெட்டுகள் (கேம் தள்ளும் சிறு உருளைகள்)! டாப்பெட் சுழன்றுகொண்டே வேலை செய்ய வேண்டும். அடிமுகம் குழிந்த பழையது சுழலாமல் ஒரே இடத்தில் உராய்ந்து கேமின் புது லோபை (புடைப்பை) சீவிவிடும். அந்த உலோகத்தூள் ஆயிலோடு பேரிங்குக்குப் போகும். இரண்டையும் சேர்த்தே மாற்றியாக வேண்டும். மேனிஃபோல்டுக்குக் கீழே பிளாக்கின் பக்கவாட்டு மூடிகளைத் திறந்தாலே டாப்பெட்டுகளைப் பார்க்கலாம்.

நடு மெயின் பேரிங்கில் கிராங்கின் முன்பின் நகர்வைக் கட்டுப்படுத்தும் த்ரஸ்ட் வாஷர்களும் திருப்பிப் போடப்பட்டிருந்தன. ஆயில் பள்ளமுள்ள முகம் கிராங்கைப் பார்க்க வேண்டும். கிராங்கின் முன்பின் ஆட்டம் 0.004 முதல் 0.005 அங்குலம் வரைதான் இருக்கலாம். கிளட்சை மிதிக்கும்போது முன்புறப் புல்லி கண்ணுக்குத் தெரிய நகர்ந்தால் என்ஜினை ஓட்டாதீர்கள்.

கடைசித் தவணையைக் கொடுக்குமுன் ஜர்னல், சிலிண்டர் துளை, கிராங்கின் முன்பின் ஆட்டம் மூன்றின் அளவுகளையும் எழுத்தில் வாங்குங்கள். பழைய ஷெல், பிஸ்டன், டாப்பெட்டுகளைத் திருப்பிக் கேளுங்கள். ஈயமில்லாப் பெட்ரோலுக்கான எக்ஸாஸ்ட் வால்வ் சீட் வளையம் பில்லில் இருந்தால், சிலிண்டர் ஹெட்டை மாட்டுவதற்கு முன்பே படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். என்ஜின் எண் தகடு ரிவெட் அடித்ததுதான், வேறு பிளாக்குக்கு மாற்றுவது சுலபம். அதனால் பிளாக்கில் நீங்களே ஒரு மறைவான குறி போட்டுக் கொடுங்கள்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் ஆத்திரத்தில் முழுவதும் பிரித்துப் போட்டுவிட வேண்டாம். முதலில் பட்டறைக்கு எழுத்தில் தெரிவித்துவிட்டு, வேறொரு பொறியாளரை வைத்துத் திறந்து அவரிடம் அளவுகளோடு அறிக்கை வாங்குங்கள். பிரிட்டனின் 2015 நுகர்வோர் உரிமைச் சட்டப்படி வேலையைத் தகுந்த கவனத்தோடும் திறமையோடும் செய்திருக்க வேண்டும். இல்லையென்றால் திரும்பச் செய்து தரச் சொல்லலாம், அது நடக்காதபோது விலைக் குறைப்புக் கேட்கலாம்.