தேவைக்கு அளவாக ஓர் என்ஜின்: ரைட் சகோதரர்களின் 1903 ஆக்கம்

தங்கள் விமானத்துக்கு ஓர் என்ஜின் தேவை, அதற்கு எட்டுக் குதிரைத்திறன் வேண்டும், எடை 180 பவுண்டைத் தாண்டக் கூடாது என்று ரைட் சகோதரர்கள் பல மோட்டார் நிறுவனங்களுக்கு எழுதிக் கேட்டும் காரியம் கைகூடவில்லை. அதனால் அமெரிக்காவின் டேட்டன் நகரில் அவர்களுடைய சைக்கிள் கடையிலேயே மெக்கானிக் சார்லி டெய்லர் ஆறு வாரங்களில் செய்துமுடித்த நான்கு சிலிண்டர் என்ஜின், அந்தக் காலக் கணக்கிலேயே சுமார் ரகம்தான். ஆயினும் அந்த விமானத்துக்கு அதுவே போதுமானதாக இருந்தது என்பது என் கணிப்பு.

முதலில் பாராட்ட வேண்டியது அதன் கிராங்க்கேஸ், அதாவது என்ஜினின் உடற்கூடு. எடையைக் குறைக்க அதை அலுமினியத்தில் வார்த்தார்கள். அதில் ஏறத்தாழ எட்டு சதவீதம் செம்பு கலந்திருந்தது. பிற்காலத்தில் உலோகவியலாளர்கள் ஆராய்ந்தபோது, வார்ப்பு ஆறும்போதே உள்ளே நுண்ணிய செப்புப் படிவுகள் உருவாகி உலோகத்துக்கு வலுவூட்டியிருப்பது தெரியவந்தது. இந்த வித்தையை உலோகவியல் அறிந்துகொள்வதற்குச் சில ஆண்டுகள் முன்பே அது விமானத்தில் ஏறிவிட்டது! பிஸ்டன்களின் அசைவைச் சுழற்சியாக மாற்றும் தண்டான கிராங்க்ஷாஃப்டும் பாராட்டத்தக்கதே: எஃகுப் பாளத்தில் வடிவத்தை வரைந்து, கோட்டை ஒட்டி வரிசையாகத் துளையிட்டு, வேண்டாத பகுதியை உளியால் தட்டி எடுத்துவிட்டு, மீதியை லேத்தில் கடைந்தார் டெய்லர்.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். பெட்ரோல் மேலிருக்கும் சிறு டப்பாவிலிருந்து தானாக இறங்கி, சூடான பரப்பில் பட்டு ஆவியாகிறது. பெட்ரோலைக் காற்றோடு அளவாகக் கலந்துதரும் முறையான கார்புரேட்டர் கிடையாது. ஸ்பார்க் பிளக்கும் இல்லை. சிலிண்டருக்குள் இரு முனைகள் தொட்டுப் பிரியும்போது தெறிக்கும் பொறிதான் எரிபொருளைப் பற்றவைக்கிறது. எல்லாவற்றிலும் பெரிய குறை குளிர்விப்பில் இருக்கிறது. தண்ணீர் சிலிண்டர்களைச் சுற்றி நிற்கிறதே தவிர, அதிகம் காயும் வால்வு அறைகளை எட்டுவதில்லை. அதனால் ஓடத் தொடங்கும்போது 16 குதிரைத்திறன் தரும் என்ஜின், சூடேறியதும் 12-க்கு இறங்கிவிடுகிறது.

அதே காலத்தில் விமானம் கட்ட முயன்ற அமெரிக்க விஞ்ஞானி லேங்லிக்காக அவருடைய உதவியாளர் மேன்லி உருவாக்கிய என்ஜின் 52 குதிரைத்திறன் கொடுத்தது. என்ஜின் என்ற அளவில் ரைட் சகோதரர்களுடையது அதன் பக்கத்தில் நிற்கவே முடியாது. ஆனால் லேங்லியின் விமானம் 1903 டிசம்பர் 8 அன்று பொட்டோமேக் ஆற்றில் விழுந்தது. ஒன்பது நாள் கழித்து, இந்தப் பன்னிரண்டு குதிரைத்திறன் ரைட் சகோதரர்களின் விமானத்தை 59 விநாடிகளில் 852 அடி தூரம் ஆளோடு பறக்க வைத்தது. இறக்கைக்கும் புரொப்பெல்லருக்கும் அவர்கள் செய்திருந்த கணக்கு, என்ஜினின் பலவீனத்தை ஈடுகட்டிவிட்டது.

அடுத்து வந்த என்ஜின்களில் திறன் கூடியது. ஆனால் பிஸ்டன் இழுக்கும் காற்றிலேயே திறந்துகொள்ளும் உள்ளிழுப்பு வால்வை, பின்னாளில் செங்குத்தாக அமைத்த நான்கு சிலிண்டர் என்ஜினிலும் விடாமல் வைத்திருந்தார்கள். அதை முன்னமே மாற்றியிருக்க வேண்டும்.