கிணற்றுத் தண்ணிக்கும் சோழகத்துக்கும் எது நிக்கும்? கலியாண சீசன் அலங்காரம், ஓர் ஒப்பீடு

முடிக்கு ரீபொண்டிங்கா கெரட்டினா, நகத்துக்கு ஜெல்லா அக்ரிலிக்கா, முகத்துக்கு ஏர்பிரஷ்ஷா எச்.டி.யா? ஆவணியில் முகூர்த்தம் வைத்திருக்கும் யாழ்ப்பாண வீடுகளில் மண்டபம், சாப்பாடு எல்லாம் முடிவான பிறகும் முடியாத கதை இதுதான். கனடாவில் இருந்து வரும் மச்சாள் ஒன்று சொல்லுவா, பார்லர் அக்கா இன்னொன்று சொல்லுவா, இன்ஸ்ரகிராம் மூன்றாவதைக் காட்டும். மூன்றுமே வடிவாகத்தான் இருக்கும். ஆனால் அந்த வீடியோக்களில் சிரிக்கிற பெண்கள் சுண்ணாம்புக் கிணற்றில் முழுகுவதில்லை. தென்மேற்கில் இருந்து வீசும் சோழகக் காற்றில் ஸ்கூட்டியில் போவதில்லை. ஓமப் புகைக்கு முன்னால் இரண்டு மணித்தியாலம் இருப்பதில்லை. கையால் சோறு குழைத்துச் சாப்பிடுவதுமில்லை. நான் இங்கே ஒவ்வொன்றையும் இந்த நாலுக்கும் முன்னால் நிறுத்தித்தான் பார்க்கிறேன்.

முடி: ரீபொண்டிங், கெரட்டின்

விலைப்பட்டியலில் அடுத்தடுத்து இருப்பதால், கெரட்டினை ரீபொண்டிங்கின் மென்மையான தங்கச்சி என்று பலர் நினைக்கிறார்கள். இரண்டும் செய்கிற வேலையே வேறு.

ரீபொண்டிங் முடிக்கு உள்ளே கை வைக்கிறது. தயோகிளைகொலேட் கலந்த கிறீம், முடிக்குள் இருக்கும் கந்தகப் பிணைப்புகளை அவிழ்க்கும். பிறகு அயன் பிடித்து நேராக்கி, நியூட்ரலைசர் பூசி, அதே பிணைப்புகளை நேரான நிலையில் திரும்பப் பூட்டி விடுவார்கள். அந்த முடி இனிச் சுருளாது. ஆனால் புதிதாக முளைப்பது உங்கள் அம்மா தந்த முடிதான், மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் வளரும். ஆறாம் மாதம் உச்சியில் அலை அலையாகவும் அதற்குக் கீழே வெட்டுக்கோடு போட்ட மாதிரி நேராகவும் நிற்கும். அதைச் சரிசெய்யத் திரும்பப் போக வேண்டும். ஏற்கெனவே நேராக்கிய பகுதியில் மருந்து இரண்டாந்தரம் பட்டால் முடி அந்த இடத்திலேயே முறியக்கூடும். அவசரக் கையிடம் கொடுக்கக்கூடாத வேலை இது.

கெரட்டின் பெரும்பாலும் மேற்பூச்சு. முடியின் வெளிப்பக்கத்தில் ஒரு படலம் பூசி, 230 பாகை செல்சியஸ் அளவு சூட்டில் அயன் பிடித்து ஒட்ட வைக்கிறார்கள். மூன்று முதல் ஐந்து மாதம் சிக்கு விழாது, பளபளக்கும், பிறகு மெல்லக் கழன்று போகும். வளர்ந்த இடத்துக்கும் பழைய இடத்துக்கும் கோடு தெரியாது என்பது அதன் பெரிய நன்மை. பாதகம் புகையில் இருக்கிறது. பல கலவைகளில் போமல்டிகைட் இருக்கும், அல்லது சூடாக்கும்போது வெளிவரும். அதை மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004 இலேயே வகைப்படுத்தி விட்டது. போத்தலில் “போமல்டிகைட் இல்லை” என்று எழுதியிருந்தால் பெரும்பாலும் அதற்குப் பதிலாகக் கிளையொக்சிலிக் அமிலம் இருக்கும். 2024 இல் பிரெஞ்சு மருத்துவர்கள், அந்த அமிலம் கலந்த கிறீமை ஒவ்வொரு முறை பூசிய பிறகும் ஒரு பெண்ணுக்குச் சிறுநீரகம் பழுதுபட்டதை மருத்துவ இதழில் எழுதினார்கள்.

இங்கே நிலைமை என்ன? வெக்கைக்குப் பயந்து ஏசி போட்டு, கதவு ஜன்னல் எல்லாம் பூட்டின சின்ன அறை. அதற்குள்ளே மூன்று மணித்தியாலம் புகை. கண் எரிந்தால் “கொஞ்ச நேரம் பொறுத்துக்கொள்ளுங்கோ பிள்ளை” என்பார்கள். பொறுக்க வேண்டாம், எழும்பி வெளியே வாருங்கள். கண் எரிவதே கலவை எப்படிப்பட்டது என்று சொல்லிவிடும். கர்ப்பமாக இருப்பவர்கள் இந்தப் பக்கமே போகக்கூடாது. உங்களுக்காவது ஒருநாள் புகை. அங்கே வேலை செய்யும் பிள்ளைக்குத் தினமும்.

இனித் தண்ணீர். குடாநாடு நிற்பதே சுண்ணாம்புக் கல்லின் மேல். கிணற்றில் வருவது கல்சியமும் மக்னீசியமும் கரைந்த கடினநீர், கரையோரங்களில் உப்பும் சேரும். சம்போ நுரைக்காது, அதனால் இன்னும் கொஞ்சம் ஊற்றுவோம். கெரட்டின் படலம் சீக்கிரம் கழன்று போகும், கழன்ற இடத்தில் சுண்ணாம்பு படிந்து முடி சொரசொரக்கும். கொழும்பில் ஐந்து மாதம் நின்றது எனக்கு ஏன் மூன்று மாதத்தில் போச்சு என்று கேட்பவர்கள் பார்லரைக் குறைசொல்ல முதல் தங்கள் வீட்டு ஹீற்றரைத் திறந்து உள்ளே படிந்திருப்பதைப் பார்க்கலாம். ரீபொண்டிங்கின் நேர் இந்தத் தண்ணியால் போகாது, ஆனால் வரட்சி இரட்டிப்பாகும்.

வழி இருக்கிறது. முழுகி முடிந்ததும் கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு சின்ன வாளி ஆர்.ஓ. தண்ணீர் போதும். அதுவும் இல்லையென்றால் கடைசியாக அலசும் தண்ணீரில் கொஞ்சம் வினாகிரி. அமிலம் சுண்ணாம்பைக் கரைக்கும். அம்மம்மாமார் சீயாக்காயோடு தேசிக்காயையும் சேர்த்து அவித்து முழுகினதில் இருந்த இரசாயனமும் அதுதான்.

என் தீர்ப்பு: கூந்தல் அடிக்கடி சிக்கு விழுந்து காலையில் அலுவலகத்துக்கு ஓட மினக்கெடுத்துகிறது என்றால், ஜன்னல் திறந்து வைக்கிற இடத்தில் கெரட்டின். வருடக்கணக்கில் தொடர்ந்து பராமரிக்கக் காசும் பொறுமையும் இருந்தால் ரீபொண்டிங். கலியாணப் பொம்பிளைக்கு இரண்டும் வேண்டாம். காரணம் அடுத்தது.

பூச்சடையா, விரித்த சுருளா

கலியாண நாளின் ஒழுங்கை நினைத்துப் பாருங்கள். விடிய வீட்டில் பாலறுகு (பாலும் அறுகம்புல்லும்) வைப்பார்கள். தலையில் பால் பட்டு, பிறகு முழுக்கு. ஆகவே முதல்நாள் பின்னேரம் பார்லரில் காசு கொடுத்துச் செய்த புளோ டிரை அந்த இடத்திலேயே கிணற்றடியோடு போய்விடும். முழுகி, காயவைத்து, அலங்கரித்து மணவறைக்கு வந்தால், தாலிகட்டுக்கு முன் கூறைச்சேலை மாற்ற உள்ளே போக வேண்டும். ஐயர் அவசரப்படுத்துவார், வீடியோக்காரர் கதவடியில் நிற்பார். அந்த நேரத்துக்குள் ரவிக்கை மாற்றி, கூறை கட்டி, நகையைச் சரிசெய்து திரும்ப வர வேண்டும். விரித்து விட்ட சுருள்முடி இந்தக் கட்டத்தில்தான் பழிவாங்கும். அட்டியல் கொளுக்கியில் ஒரு கொத்து மாட்டும். பிறகு மாலை மாற்றும்போது மாலையின் வெள்ளி நூலில் இன்னொரு கொத்து மாட்டும். தோழிப்பிள்ளை பின்னால் நின்று ஒவ்வொரு மயிராக எடுத்துக்கொண்டிருப்பதை அல்பத்தில் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறோம்.

பின்னிப் பூவைத்த சடைக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆனால் சடை நிற்கப் பிடிமானம் வேண்டும். ரீபொண்டிங் செய்த முடி வழுக்கும். கிளிப் இறங்கும், சவரி இறங்கும், சடைநாகத்தின் பாரத்தில் முழுச் சடையுமே மெல்லக் கீழே வரும். பார்லரில் அதைத் தடுக்க ஸ்பிரே மேல் ஸ்பிரே அடித்து, பின்வளமாகச் சீவி முடியை வேண்டுமென்றே சிக்காக்குவார்கள். அன்றிரவு அதை அவிழ்ப்பவருக்குத்தான் அந்த வேதனை தெரியும். இயற்கையான அலைமுடி, முழுகி முழுதாகக் காய்ந்தது, எண்ணெய் பூசாதது: இதைவிட நல்ல அடித்தளம் சடைக்கு இல்லை.

வரவேற்புக்கு விரித்த சுருள் போடலாம், மண்டபம் ஏசி என்றால். வெளியே பந்தல் போட்டிருந்தால் வேண்டாம். சோழகம் வீசும்போது பத்து நிமிடத்தில் உங்கள் சுருள் உங்கள் லிப் குளொஸ்ஸில் ஒட்டியிருக்கும். இந்தச் சீசனில் ஓடுகிற தாழ்ந்த கொண்டை, இறுக்காமல் கட்டி ஒருபக்கம் மட்டும் மல்லிகை, விருந்தினராகப் போகிறவர்களுக்கு மிகவும் பொருந்தும். கூட்டத்திலும் குலையாது.

நகம்: நாலு போட்டியாளர்

அக்ரிலிக்கை முதலிலேயே தள்ளிவிடுகிறேன். திரவமும் தூளும் குழைத்து நகத்தின் மேல் நீளம் கட்டுவது அது. படத்துக்கு அசத்தல். ஆனால் இரண்டு மூன்று கிழமைக்கு ஒருதரம் நிரப்ப வேண்டும், போடும்போது நகத்தை அராவுவதால் கீழே இருக்கும் நகம் மெலியும். சமையல், பாத்திரம், உடுப்புத் தோய்த்தல் என்று எப்போதும் ஈரத்தில் இருக்கிற கையில் ஓரம் கழன்றால், அந்த இடைவெளியில் தண்ணீர் தங்கிக் கிருமி வளர்ந்து நகம் பச்சையாகும். அந்த நீள நகத்தோடு நண்டுக்கால் உடைப்பதை யோசித்துப் பாருங்கள்.

ஜெல் பொலிஷ் நடைமுறைக்கு நெருங்கியது. ஒவ்வொரு பூச்சையும் விளக்கின் கீழ் அரை நிமிடம், ஒரு நிமிடம் வைத்து இறுக்குவார்கள். இரண்டு மூன்று கிழமை தட்டாமல் முட்டாமல் நிற்கும். நிறம்தான் இங்கே சிக்கல். இப்போது ஓடுவது பால்வெள்ளை, இளஞ்சிவப்பு, முத்துப் பளபளப்பு. ஞாயிற்றுக்கிழமை பூசிக்கொண்டு வந்து, திங்கட்கிழமை பருப்பும் மீன்குழம்பும் விட்டுக் குழைத்துச் சாப்பிட்டால், செவ்வாய்க்கிழமை வலது கையில் ஒரு நிறம், இடது கையில் ஒரு நிறம். மஞ்சள் ஜெல்லின் மேற்பூச்சில் இறங்கி நிற்கும், சவர்க்காரத்துக்குப் போகாது. ஆகவே எங்கள் கைக்கு அரக்கு, மரூன், கடும்பச்சை, செங்கல் நிறம். கூறைக்கும் அவைதான் எடுப்பு. வெள்ளைதான் வேண்டும் என்று நிற்பவர்கள் இரண்டு கிழமைக்குக் கரண்டியோடு சிநேகமாக இருக்கட்டும்.

ஜெல்லில் இரண்டு விடயம் கவனிக்க வேண்டும். இறுகாத ஜெல் தோலில் பட்டுப்பட்டு ஒவ்வாமை வந்தால் அது பெரும்பாலும் ஆயுளுக்கும் போகாது, பிற்காலத்தில் பல்லுக்குப் போடும் சில பசைகளும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். இணையத்தில் வாங்கின மலிவு விளக்கும் வீட்டுக்கைப் பழக்கமும் இதற்கு நேர்வழி. மற்றது, ஜெல்லை இறுக வைக்கும் டி.பி.ஓ. (TPO, போத்தலில் Trimethylbenzoyl Diphenylphosphine Oxide) என்ற பொருளை ஐரோப்பிய ஒன்றியம் 2025 செப்ரெம்பர் 1 முதல் அழகுசாதனங்களில் தடைசெய்திருக்கிறது. பார்லரில் போத்தலை வாங்கிப் பின்பக்கத்தை வாசியுங்கள், யாரும் கோபிக்க மாட்டார்கள். கழற்றும்போது அசிற்றோன் நனைத்த பஞ்சைச் சுற்றிப் பத்துப் பதினைந்து நிமிடம் பொறுக்க வேண்டும். உரித்து எடுத்தால் நகத்தின் மேற்தட்டும் சேர்ந்து வரும்.

ஒட்டு நகம் பற்றி ஒரு காலத்தில் கேலி இருந்தது. இப்போது வருபவை அப்படியில்லை. ஒருநாள் கூத்துக்கு இதுவே என் தெரிவு. பசைத்தாளால் ஒட்டினால் இரவே கழற்றி வைத்து அடுத்த கலியாண வீட்டுக்கும் போடலாம், பசை விட்டு ஒட்டினால் ஒரு கிழமை நிற்கும். முதல் நாள் தலைக்கு நல்லெண்ணெய் வைத்த கையில் ஒட்டாது. ஸ்பிரிற்றால் நகத்தைத் துடைத்துக் காயவிட்டு, ஒவ்வொரு விரலுக்கும் அளவு பார்த்து, ஓரம் தோலில் ஏறாமல் ஒட்டுங்கள். பந்தியில் இருக்க முன் இறுக்கமாக இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. சாம்பாருக்குள் நகம் தேடுவது மரியாதையில்லை.

மருதோன்றியை நாலாவதாக வைத்தேன் என்பதற்காகக் கடைசி என்று எடுக்க வேண்டாம். மஞ்சளுக்கும் பயமில்லை, தண்ணிக்கும் பயமில்லை. ஆனால் உண்மையான மருதோன்றி செம்மஞ்சளாகத் தொடங்கி ஒன்றரை, இரண்டு நாளில்தான் கருஞ்சிவப்பாகும். ஆகவே கலியாணத்துக்கு முதல்நாள் இரவு போடுவது பிந்தின வேலை. இரண்டு இரவுக்கு முன் போட்டு, காய்ந்ததைச் சுரண்டி எடுத்து, அன்று முழுதும் தண்ணீர் படாமல் பார்க்க வேண்டும். அரை மணித்தியாலத்தில் கறுப்பாகும் என்று விற்கும் கோனைத் தொடவே வேண்டாம். அதில் தலைச்சாயத்தில் போடும் பி.பி.டி. கலந்திருக்கும். கை கொப்பளித்துத் தழும்பாகலாம்.

முகம்

ஏர்பிரஷ்ஷா எச்.டி.யா என்று கேட்பவர்கள் பாதிக் கேள்வியைத்தான் கேட்கிறார்கள். ஏர்பிரஷ் என்பது கம்பிரசர் வைத்து மெல்லிய தூவலாக அடிப்பது. வியர்வைக்கு நன்றாக நிற்கும், பாரம் தெரியாது. கண்ணீர் கோடு விட்டால் திருத்துவது கடினம், ஓமப் புகைக்கு முன்னால் இருக்கிற பெண்ணுக்கு அது சின்ன விடயமில்லை. எச்.டி. என்பது நுண்ணிய தூளால் ஆன பவுண்டேஷனைப் பிரஷ்ஷாலும் ஸ்பொஞ்சாலும் பூசுவது. கொஞ்சம் கனக்கும், ஆனால் கூறை மாற்றும் இடைவேளையில் ஒற்றிச் சரிக்கட்டலாம். பகல் முகூர்த்தத்துக்கு எச்.டி., இரவு வரவேற்புக்கு ஏர்பிரஷ் என்பேன். கரண்ட் போனால் கம்பிரசர் நிற்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

இரண்டையும் விடப் பெரிய விடயம் நிறம். மாநிறப் பிள்ளையை இரண்டு படி வெள்ளையாக்கி, கழுத்தும் கையும் வேறு ஆளினுடையது போல விட்டு அனுப்புவது இன்னும் நடக்கிறது. மேடை விளக்கில் அந்த வெள்ளை சாம்பலாகத் தெரியும். ஒத்திகை நாளில் தாடையோரத்தில் மூன்று நிறம் கோடு போட்டு, முற்றத்து வெளிச்சத்துக்கு வந்து பாருங்கள். எது காணாமல் போகிறதோ அதுதான் உங்கள் நிறம். பிறகு பிளாஷ் போட்டு ஒரு படம் எடுங்கள். வெள்ளைத் தூளும் சன்ஸ்கிறீனும் கூடினால் முகம் மட்டும் பேய்வெள்ளையாக வரும். அன்றே சொல்லி மாற்றிக்கொள்ளலாம்.

கண்ணாடி மாதிரிப் பளபளக்கும் முகம் உலகமெங்கும் ஓடுகிறது. ஆவணி மாதம் பகல் பன்னிரண்டு மணிக்கு அது யாழ்ப்பாணத்தில் எல்லோருக்கும் இலவசம். நெற்றி, மூக்கு, நாடியை மட்டும் பவுடரால் அடக்கிவிட்டு, பளபளப்பைக் கன்ன மேட்டில் மட்டும் விடுங்கள். பிளஷ் தாராளமாகப் போடுவது நல்ல மாற்றம். எங்கள் தோலுக்கு இளஞ்சிவப்பு சோக் பூசினது போல இருக்கும். செங்கல், நாவற்பழ நிறங்கள்தான் இரத்தம் ஓடுகிற மாதிரிக் காட்டும்.

சாமத்தியவீட்டுப் பிள்ளைக்கு

பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கும் இப்போது இதே பட்டியலை நீட்டுகிறார்கள். முடிக்கு எந்த மருந்தும் வேண்டாம், அக்ரிலிக்கும் ஜெல்லும் வேண்டாம். சொந்த முடியில் சடை, வேண்டுமென்றால் சவரி, பசைத்தாளில் ஒட்டு நகம், வீட்டு மருதோன்றி, மெல்லிய பவுண்டேஷன் போதும். பார்லரில் பதிவு செய்யும்போதே இதைச் சொல்லி, “முகத்தை வெளிறப் பண்ண வேண்டாம் அக்கா” என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பிள்ளை பக்கத்தில் நிற்கும்போதே சொல்லுங்கள்.