ஜோட்டேரோ: 62 ரெஃபரன்ஸோடு ஒரு கட்டுரை அனுப்பிய அனுபவம்

சித்தேரி மலை மூலிகைகள் பற்றிய என் கட்டுரையை முதலில் வாங்கிய ஆய்விதழ், ஒரே வாரத்தில் திருப்பி அனுப்பிவிட்டது. ரெஃபரன்ஸ் பட்டியல் அவர்கள் கேட்ட முறையில் இல்லையாம். மொத்தம் 62. எல்லாம் அரூரில் இரவு இரவாக உட்கார்ந்து கையால் அடித்தவை. அழுகையே வந்துவிட்டது.

அப்புறம்தான் உடன் படிக்கும் தோழி ஜோட்டேரோவைப் போட்டுக் கொடுத்தாள். ரெஃபரன்ஸ்களைச் சேர்த்து வைத்து, பட்டியலையும் போட்டுத் தரும் இலவச மென்பொருள். கட்டுரையின் டிஓஐ எண்ணை (இணையத்தில் ஒவ்வொரு கட்டுரைக்கும் தரும் தனி அடையாள எண்) கொடுத்தால் ஆசிரியர், தலைப்பு, ஆண்டு, பக்க எண் எல்லாம் தானாக வந்துவிடும். டிஓஐ இல்லாத பழைய தாவரவியல் நூல்களை மட்டும் நானே அடித்துச் சேர்த்தேன். அடுத்த இதழ், ஆசிரியர் பெயரும் ஆண்டும் போடும் ஏபிஏ முறை வேண்டாம், வான்கூவர் எண் முறைதான் வேண்டும் என்றது. வேர்டில் இருக்கும் ஜோட்டேரோ மெனுவில் ஸ்டைலை மாற்றினேன். 62-ம் கண்ணெதிரே மாறின. முனைவர் பட்ட மாணவர்கள் முதல் வருடமே இதைக் கற்றுக்கொள்ள வேண்டும்.

ஆனால் வந்ததை அப்படியே நம்பிவிடாதீர்கள். தாவரப் பெயர்கள் சாய்வெழுத்தில் வருவதில்லை. சிறுகுறிஞ்சானின் லத்தீன் பெயர் வந்த தலைப்புகளில் எல்லாம் நானே சாய்வுக் குறி போட்டேன்.

அதைவிட முக்கியம் நம் ஊர்ப் பெயர்கள். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். 'கவிதா எம்' என்று அச்சான பெயரில் கடைசியில் நிற்கும் 'எம்'மைக் குடும்பப் பெயர் என்று ஜோட்டேரோ எடுத்துக்கொண்டு, பட்டியலில் 'எம் கே' என்று போட்டுவிடுகிறது. அவர் மலையேறி, பெரியவர்களிடம் கேட்டுக் கேட்டுச் செடி சேகரித்திருப்பார். பட்டியலில் அவர் பெயரே இல்லை, அப்பாவின் முதல் எழுத்து மட்டும் நிற்கிறது. என் பட்டியலில் இப்படி 17 பேர். எனக்கு மனசு கேட்கவில்லை.

சரிசெய்வது சுலபம். ஆசிரியர் பெயருக்குப் பக்கத்தில் உள்ள மெனுவில் முன்பெயர், பின்பெயரை இடம் மாற்றும் வசதி இருக்கிறது. மாற்றிவிட்டு வேர்டில் ரெஃப்ரெஷ் கொடுத்தால் 'கவிதா எம்' என்று வந்துவிடும். கட்டுரையின் முதல் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகச் சரிபார்த்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது. திங்கள் காலையில் அனுப்பினேன். இந்த முறை மதிப்பாய்வுக்குப் போயிருக்கிறது.