இ.எல்.எம். 327 ப்ளூடூத் ரீடர்: வேக சென்சார் பழுதுக்கு இது மட்டும் போதுமா?

கார் ஓடும்போதே ஸ்பீடோமீட்டர் முள் சுழியத்தில் விழும், ஓடோமீட்டர் நின்றுவிடும், ஆட்டோ கியர் உதறலோடு மாறும், செக் எஞ்சின் விளக்கு எரியும். சிங்கப்பூரில் சிஓஇ (கார் வைத்திருப்பதற்கான உரிமைச் சான்றிதழ்) புதுப்பித்து ஓட்டும் பழைய கார்களுக்கு இது பழகிய தொல்லை. பத்து, இருபது வெள்ளிக்கு ஆன்லைனில் கிடைக்கும், காரின் பழுதுக் குறியீடுகளைப் படிக்கும் இந்த ரீடரை டேஷ்போர்டுக்குக் கீழுள்ள 16 பின் சாக்கெட்டில் செருகினால், பி0500 என்ற குறியீட்டைக் கைபேசி ஆப்பில் காட்டிவிடும். கொடுத்த காசுக்கு நல்ல உதவிதான். ஆனால் பி0500 என்றால் வேக சிக்னல் வரவில்லை என்று மட்டுமே பொருள். அதைப் பார்த்ததுமே சென்சாருக்கு ஆர்டர் போட்டுவிடாதீர்கள்.

ரீடரின் உண்மையான பலன் நேரடி அளவீட்டில்தான். ஒருவர் ஓட்ட, பக்கத்தில் இருப்பவர் ஆப்பைப் பார்க்கட்டும். ஆப்பில் வேகம் ஏறுகிறது, முள் அசையவில்லை என்றால் சென்சார் நன்றாக இருக்கிறது, ஸ்பீடோமீட்டரைப் பாருங்கள். இரண்டுமே சுழியம் என்றால் இனி வோல்ட் அளக்கும் மல்டிமீட்டர்தான். பல டொயோட்டாக்களில் சிக்னல் ஸ்பீடோமீட்டர் வழியாகத்தான் இசியூவுக்கு (எஞ்சின் கணினிக்கு) போகிறது, அதனால் ஸ்பீடோமீட்டர் கெட்டாலும் பி0500 வரும்.

கியர்பாக்ஸில் உள்ள மூன்று ஒயர் சென்சாருக்குச் சோதனை இது. சாவி ஆனில், கனெக்டரைக் கழற்றி பவர் ஒயரில் 12 வோல்ட் (சில கார்களில் 5) வருகிறதா, கிரவுண்டு சரியா என்று பாருங்கள். பின்களில் பச்சை பிடித்திருந்தால் முதலில் சுத்தம் செய்யுங்கள். கனெக்டரை மாட்டி, ஹேண்ட்பிரேக் போட்டு, பின் சக்கரத்துக்குக் கட்டை வைத்து, ஒரு முன் சக்கரத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். நியூட்ரலில் அதைக் கையால் மெல்லச் சுற்றினால் சிக்னல் ஒயரில் வோல்ட் ஏறி ஏறி இறங்க வேண்டும். அப்படி ஏறி இறங்கினால் சென்சார் சரி, கோளாறு அதற்கு அப்பால். பவரும் கிரவுண்டும் சரியாக இருந்தும் அசையாவிட்டால் சென்சாரைக் கழற்றலாம்.

பெரும்பாலும் ஒரே ஒரு 10 மி.மீ. போல்ட்தான். நெம்பாமல் திருகி எடுங்கள். அடியில் பிளாஸ்டிக் பல்சக்கரம் இருந்தால் பல் தேய்ந்திருக்கிறதா பாருங்கள். தேய்ந்த பல்சக்கரத்தோடு புது சென்சார் போட்டாலும் முள் எழாது. ஓ-ரிங்கை (ரப்பர் வளையத்தை) புதிதாகப் போட்டு, அந்த கியர்பாக்ஸுக்கான ஆயில் தடவிச் செருகுங்கள். பழசைப் போட்டால் ஆயில் கசியும்.

ரீடருக்குக் குறைகளும் உண்டு. ஜப்பானிலிருந்து பேரலல் இம்போர்ட்டாக (அதிகாரபூர்வ முகவர் அல்லாதவர் வழியாக) வந்த பழைய கார்கள் சிலவற்றோடு இது பேசவே பேசாது. புதிய கார்கள் பலவற்றில் வேகம் ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டாமல் காக்கும் அமைப்பு) சக்கர சென்சார்களிலிருந்து வருகிறது; சாதாரண ஆப்பால் ஏபிஎஸ் குறியீடுகளைப் படிக்க முடியாது. அந்தக் கார்களுக்கு, ஏபிஎஸ் படிக்கும் ஸ்கேனர் வைத்திருக்கும் காக்கி புக்கிட், சின் மிங் பக்கத்துப் பணிமனை ஒன்றுக்குப் போவதே நல்லது.