82-ஆ, 76-ஆ, கழற்றியே விடுவதா? மாற்றியமைத்த காருக்கு எந்தச் சூடு சரி

மலேசியாவின் தாப்பா, பீடோர் வட்டாரத்தில் இஞ்சின் மாற்றிப்போட்ட வீரா, சத்ரியா, கஞ்சில் கார்களை வைத்திருக்கும் பையன்கள் நிறைய. தோட்டத்து வீட்டு வாசலிலேயே ஹாஃப்கட் (பாதியாக வெட்டி விற்கும் பழைய கார்) இஞ்சினை இறக்கி, காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ பொருத்தி, இஞ்சினை ஆளும் கணினியான ஈசியூவையும் மாற்றிவிடுகிறார்கள். எல்லாம் முடிந்து டியூன் பண்ணப் போகும்போதுதான் கேள்வி வருகிறது: தண்ணீர் எந்தச் சூட்டில் இருக்க வேண்டும்? தண்ணீர் சூடாகும் வரை ரேடியேட்டருக்குப் போகும் வழியை மூடிவைக்கும் வால்வுதான் தெர்மோஸ்டாட். கம்பெனி போட்ட 82 அல்லது 88 டிகிரி தெர்மோஸ்டாட்டைத் தொடாதே என்பார் ஒருவர். ஸ்போர்ட்ஸ் வகை என்று 71-லிருந்து 76.5 வரை விற்கிறார்களே, அதைப் போடு என்பார் இன்னொருவர். பட்டறை மெக்கானிக்கான மூத்த போமனோ, "நம்ம ஊர் வெயிலுக்கு அது எதுக்கு தம்பி, கழட்டிப் போட்டுடு" என்பார். இந்த மூன்று யோசனையும் நல்லெண்ணத்தில் வருபவைதான். ஆனால் மூன்றும் ஒரே தரம் அல்ல.

பொறித்திருக்கும் எண் என்ன சொல்கிறது என்பதில்தான் பாதிச் சண்டை. தெர்மோஸ்டாட்டுக்குள் மெழுகு அடைத்த சிறு குப்பி இருக்கிறது. சூடேறினால் மெழுகு உருகி விரிந்து வால்வைத் தள்ளும். 82 என்பது வால்வு திறக்கத் தொடங்கும் சூடு. முழுதாகத் திறக்க மேலும் 10 முதல் 15 டிகிரி வேண்டும். அதாவது 95 வாக்கில் அது முழுதாகத் திறந்துவிடும். அதற்கு மேல் அதனால் செய்ய ஒன்றும் இல்லை. ரேடியேட்டரும் விசிறியும் காற்றோட்டமும்தான் சூட்டைத் தீர்மானிக்கும். ஆக, தெர்மோஸ்டாட் போடுவது கீழ் எல்லையை மட்டும்தான்.

தாப்பாவிலிருந்து கேமரன் மலை ஏறும் 59ஆம் எண் சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். ரிங்லெட் வரை வளைவுக்கு மேல் வளைவு, முன்னால் லோரி, இரண்டாம் கியர், முகத்தில் மோதும் காற்றோ குறைவு, டர்போ தரும் அழுத்தமான பூஸ்ட் வேறு. ரேடியேட்டர் போதவில்லை என்றால் 76 போட்ட காரும் 82 போட்ட காரும் ஒரே 105-க்குத்தான் போய் நிற்கும். 76 போட்ட காரில் அது சற்றுத் தாமதமாக வரும், அவ்வளவுதான். கொதிப்பதை நிறுத்தத் தெர்மோஸ்டாட்டை மாற்றுவது வீண் செலவு.

கழற்றிப் போடுவதைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் பக்கம் அதிகம் நடப்பது அதுதான். கார்புரேட்டர் காலத்தில் இந்தப் பழக்கத்தின் கேடு அவ்வளவாக வெளியே தெரியவில்லை. இஞ்செக்ஷன் காரில் ஈசியூ தண்ணீர் சென்சாரை விடாமல் பார்த்துக்கொண்டே இருக்கிறது. 60, 65 டிகிரி என்று காட்டினால், இஞ்சின் இன்னும் சூடாகவில்லை என்று எடுத்துக்கொண்டு பெட்ரோலைக் கூட்டும், நின்ற நிலையில் ஓடும் வேகமான ஐடிலை ஏற்றும், தீப்பொறி விழும் நேரமான இக்னிஷனைத் திருத்தும். சில ஹோண்டா இஞ்சின்களில் தண்ணீர் போதிய சூட்டை எட்டும் வரை, வால்வுத் திறப்பை மாற்றிக் கூடுதல் சக்தி தரும் விடெக்கே வேலைக்கு இறங்காது. மழை பெய்து ஓய்ந்த காலையில் பிளஸ் நெடுஞ்சாலையில் ஈப்போவுக்குப் போகும் காரில், தெர்மோஸ்டாட் இல்லையென்றால், தண்ணீர் அந்தச் சூட்டைத் தாண்டாமலே போய்ச் சேரலாம். வழி நெடுக இஞ்சின் தேவைக்கு மேல் பெட்ரோலைக் குடிக்கும்.

அந்த மிச்சப் பெட்ரோல் எங்கே போகிறது? சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயில் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி, இஞ்சின் ஆயிலோடு கலக்கிறது. எரிந்ததில் உண்டாகும் நீராவி குளிர்ந்த சுவரில் ஈரமாகப் படிந்து, அமிலத்தோடு சேர்ந்து ரிங்கையும் சுவரையும் அரிக்கிறது. ஆயில் மூடியின் அடியில் பால் காப்பி நிறத்தில் பசை ஒட்டியிருந்தால், இஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் காஸ்கெட் போய்விட்டதா என்று பார்ப்பதோடு, தெர்மோஸ்டாட் இருக்கிறதா என்றும் பாருங்கள். பழுதைத் தானே சொல்லும் ஓபிடி-2 அமைப்பு உள்ள கார் என்றால் பி0128 என்ற பழுதுக் குறியீடு வந்து நிற்கும். இஞ்சின் வர வேண்டிய சூட்டுக்கு வரவில்லை என்பதே அதன் பொருள்.

பலருக்கு நம்ப முடியாத விஷயம், தெர்மோஸ்டாட்டைக் கழற்றினால் சில கார்கள் முன்பைவிடச் சூடாகும் என்பது. தண்ணீர் வேகமாக ஓடுவதால் ரேடியேட்டரில் ஆற நேரம் கிடைப்பதில்லை என்று இதற்குக் காரணம் சொல்வார்கள். அது தவறு, ஓட்டம் கூடினால் வெப்பம் கூடுதலாகத்தான் வெளியேறும். உண்மைக் காரணம், ரேடியேட்டரைத் தொடாமல் தண்ணீர் இஞ்சினுக்கே திரும்பும் பைபாஸ் வழி. பல ஜப்பானிய இஞ்சின்களில் தெர்மோஸ்டாட்டின் பின்பக்கம் இரண்டாவது தட்டு ஒன்று இருக்கும். முன் வால்வு திறக்கும்போது அந்தத் தட்டு போய் பைபாஸை அடைக்கும். முழுதாகக் கழற்றிவிட்டால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும். சூடான தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் இஞ்சினுக்குள்ளேயே சுற்றும். மலை ஏறும்போது இது போதும், ஹெட் வளைந்துவிட.

சரி, உண்மையான போட்டி 82-க்கும் 76-க்கும்தான்.

76-இன் பக்கம் இருக்கும் நியாயத்தை மறைக்கக் கூடாது. டர்போ வைத்த இஞ்சினில் சக்திக்குத் தடை நாக்கிங், அதாவது கலவை தானாக வெடித்து இஞ்சினைத் தட்டுவது. எரியறைச் சுவர் குளிர்ச்சியாக இருந்தால், கடைசியாக எரியும் கலவை தானாக வெடிக்கும் வாய்ப்பு குறைகிறது. இக்னிஷனைக் கொஞ்சம் முன்னே தள்ள இடம் கிடைக்கிறது. நாக்கிங்கை அதிகம் தாங்கும் ரோன் 97 பெட்ரோல் ஊற்றியும் நாக்கிங் ஓரத்தில் நிற்கும் காருக்கு அந்தக் கொஞ்சமும் பெரிய விஷயம். உலகத்துப் பெரிய கம்பெனிகளும் இதை அறியும். பிஎம்டபிள்யூவின் என்52 இஞ்சினில் மின்சாரத் தண்ணீர் பம்பும் மின் கட்டுப்பாட்டுத் தெர்மோஸ்டாட்டும் உண்டு. மிதமாக ஓட்டும்போது அது 112 டிகிரி வரை சூடாகவே வைத்துக்கொள்ளும். முழுச் சுமையில் 80-க்கு இறக்கும். சிக்கனத்துக்கு ஒரு சூடு, சக்திக்கு ஒரு சூடு. மெழுகுத் தெர்மோஸ்டாட் வைத்திருக்கும் நாம் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும்.

76-க்குக் கொடுக்கும் விலை ஆயிலில் தெரியும். 40 என்று டப்பாவில் போட்டிருக்கும் ஆயிலின் தடிமன் 100 டிகிரியில் அளந்தது. வேலைக்குப் போய்வரும் குறுகிய ஓட்டத்தில் தண்ணீரே 76-இல் நின்றால் ஆயில் அதைவிடக் குளிர்ந்து கிடக்கும். அதில் சேர்ந்த ஈரமும் பெட்ரோலும் ஆவியாகிப் போகாது. தினமும் தோட்ட ஆபீசுக்கு நாலு கிலோமீட்டர் போய்வரும் காருக்கு 76 நல்லதில்லை என்பது என் உறுதியான கருத்து. டர்போ இல்லாத இஞ்சினுக்கும் அது தேவையில்லை. நாக்கிங் பயம் இருந்தால், பானெட்டுக்குள் வெந்த காற்றை உறிஞ்சும் ஓப்பன் ஃபில்டருக்கு வெளிக்காற்று வரும் குழாய் போடுங்கள். தண்ணீர்ச் சூட்டில் ஆறு டிகிரி இறக்குவதைவிட, உள்ளே போகும் காற்றில் இருபது டிகிரி இறக்குவது நாக்கிங்கை நன்றாகவே அடக்கும்.

76-ஐப் போட்டே தீருவது என்றால், விசிறி சுவிட்சையும் அதற்கு ஏற்ப மாற்ற வேண்டும். விசிறி 95-இல் ஓடத் தொடங்கும் காரில், சிக்னலில் நின்றால் தண்ணீர் 95-க்குத்தான் போகும்; தெர்மோஸ்டாட்டில் 76 என்று பொறித்திருப்பது அப்போது உதவாது. 71-ஐ டிராக்கில் மட்டும் ஓடும் காருக்கு விட்டுவிடுங்கள். 88-ஐக் கம்பெனியே போட்டிருந்தால், மாற்றம் செய்யாத காரில் தாராளமாக இருக்கட்டும். டர்போ ஏற்றினால் 82-க்கு இறக்கலாம்.

ரேடியேட்டர் மூடியையும் யாரும் கவனிப்பதில்லை. 0.9 பார் மூடி அழுத்தத்தைச் சரியாகப் பிடித்தால் வெறும் தண்ணீர் 118 டிகிரி வாக்கில்தான் கொதிக்கும். ரப்பர் தேய்ந்து அழுத்தம் ஒழுகினால், 1,000 மீட்டருக்கு மேல் இருக்கும் ரிங்லெட்டில் 96-லேயே கொதித்துவிடும். கூலன்ட்டும் ஊற்றுங்கள். நம் நாட்டில் தண்ணீர் உறையாது என்பது உண்மைதான். ஆனால் துருவைத் தடுக்கும் மருந்து அதில்தான் இருக்கிறது.

டியூனிங்குக்கு வருவோம். தெர்மோஸ்டாட்டும் விசிறியும் மூடியும் முடிவான பிறகுதான், பெட்ரோலும் இக்னிஷனும் எவ்வளவு என்று ஈசியூவில் எழுதிவைக்கும் மேப்பைத் தொட வேண்டும். சூடேறும் வரை பெட்ரோல் கூட்டும் அட்டவணை, தெர்மோஸ்டாட் எண்ணுக்கு 8, 10 டிகிரி கீழேயே பூஜ்யத்துக்கு வந்துவிட வேண்டும். 82 என்றால் 72 வாக்கில். 76 என்றால் 66 வாக்கில். 82-க்கு டியூன் செய்த காரில் பிறகு யாராவது 71-ஐச் சொருகினால், கார் அந்த அட்டவணையின் வாலிலேயே ஓடிக்கொண்டிருக்கும்; அந்த மேப் வீணாகிவிடும். மேல் பக்கமும் பாதுகாப்பு வையுங்கள். தண்ணீர் 98-க்கு மேல் போனால் இக்னிஷனை 2 டிகிரி (இது சூடு அல்ல, கோணம்) பின்னே இழுங்கள், 103-க்கு மேல் 4 டிகிரி, பூஸ்ட்டையும் குறையுங்கள். சக்தியை அளக்கும் டைனோ இயந்திரத்தில் ஒவ்வொரு ஓட்டத்தையும் ஒரே தண்ணீர்ச் சூட்டில் தொடங்காவிட்டால், கூடிய குதிரைசக்தி டியூனால் வந்ததா, குளிர்ச்சியால் வந்ததா என்று சொல்லவே முடியாது. டாஷ்போர்டு முள்ளையும் நம்பாதீர்கள். பல கார்களில் 80-க்கும் 100-க்கும் அது ஒரே இடத்தில்தான் நிற்கும். ஸ்கேனரிலோ தனி மீட்டரிலோ பாருங்கள்.

என் தேர்வு 82. வாங்கி வந்ததும் பாத்திரத்துத் தண்ணீரில் நூலில் கட்டித் தொங்கவிட்டு, தெர்மாமீட்டரோடு அடுப்பில் வையுங்கள். 80-க்கும் 84-க்கும் இடையில் திறக்கத் தொடங்கினால் சரக்கு சரி. பொருத்தும்போது சிறிய காற்றுத் துளை மேலே பார்த்திருக்கட்டும். ஹீட்டர் இருக்கும் காரில் அதைத் திறந்துவைத்து, விசிறி இரண்டு முறை ஓடி நிற்கும் வரை காற்றை வெளியேற்றுங்கள்.